ஏலியன் பேராசிரியர் நம்ம சாமானை எல்லாம் பாத்து என்னன்னு எழுதுவார்? கதைக்கு ஐடியா வேணும்

அரைத்தூக்கம் (கேள்வி)

மக்களே ஒரு உதவி. காமெடியா ஒண்ணு எழுதிட்டு இருக்கேன், கதைன்னு கூட சொல்ல முடியாது, ஆய்வுக்கட்டுரை மாதிரி. மனுஷங்க எல்லாம் போய் சேந்து பல லட்சம் வருஷம் கழிச்சு வேற எங்கிருந்தோ ஒரு பேராசிரியர் வந்து எறங்குறாரு, நாம விட்டுட்டுப் போனத எல்லாம் ஒண்ணொண்ணா எடுத்துப் பாத்து இது இன்னது அது இன்னதுன்னு ரொம்ப சீரியஸா எழுதுறாரு, அம்புட்டும் தப்பு. அவ்ளோதான் மேட்டர்.

பிரச்சனை என்னன்னா நான் எழுதுனத நானே படிச்சா எனக்கே சிரிப்பு வரல. செல்போன்தான் சாமி, எல்லாரும் தலைய குனிஞ்சு கும்பிட்டாங்க. கார்தான் இந்த கிரகத்து உயிரினம், மனுஷன் அது வயித்துல இருக்கிற புழு. கக்கூஸ் பீங்கான்தான் சிம்மாசனம். இப்படியே ஆறு பக்கம் போகுது. ஃப்ரெண்டு ஒருத்தன்கிட்ட படிக்க குடுத்தேன், மூணாவது பாராலயே "டேய் இதெல்லாம் எங்கயோ படிச்சிருக்கேன்டா"ன்னு திருப்பிக் குடுத்துட்டான். அவன் சொன்னதும் வாஸ்தவம்தான்.

அதனால ரெண்டு விஷயம் சொல்லுங்க. புதுசா என்ன பொருள் எடுக்கலாம், அப்புறம் என்னோடது ஏன் சப்புன்னு இருக்கு. வாயேஜர் விண்கலத்துல ஏலியனுக்காக அனுப்புன தங்கத்தட்ட மட்டும் யாரும் சொல்லாதீங்க, அத எல்லாரும் எழுதிட்டாங்க.

---

வெட்டிஆபீசர்

கேபிள் டப்பா.

எல்லா வீட்லயும் ஒண்ணு இருக்கும் பாஸ். எந்த மெஷினோடதுன்னே தெரியாத ஒயரு, சார்ஜர், முனை தட்டையா ஒண்ணு, உருண்டையா ஒண்ணு, எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு கெடக்கும். வருஷக்கணக்கா யாரும் தொடமாட்டாங்க, ஆனா தூக்கியும் போடமாட்டாங்க, வீடு மாறினா அந்த டப்பாவும் கூடவே வரும். உங்க பேராசிரியர் தோண்டுற ஒவ்வொரு வீட்லயும் இது கிடைக்குது. பயன்பாட்டுத் தடயம் கிடையாது, ஆனா பத்திரமா மூடி வச்சிருக்காங்க. அப்போ என்ன அர்த்தம்? முன்னோர்களோட குடல். ஆளு செத்ததும் குடல உருவி டப்பால போட்டு தலைமுறை தலைமுறையா காப்பாத்தி இருக்காங்க. முனை வேற வேற மாதிரி இருக்கிறது வேற வேற குலம்.

இத எழுதிட்டு நிமிந்து பாத்தா என் அலமாரி மேல டப்பா இருக்கு. அதுல ஒரு பிரிண்டர் கேபிள் இருக்கு. என் வாழ்க்கையில நான் பிரிண்டரே வாங்குனது இல்ல.

---

மூணாவதுபெஞ்ச்

கேபிள் டப்பா சூப்பர். ஆனா அரைத்தூக்கம் கேட்ட ரெண்டாவது கேள்விக்கு வரேன், அதுதான் முக்கியம்.

உங்க பேராசிரியர் முட்டாளா இருக்காரு, அதான் சிரிப்பு வரல. முட்டாள் தப்பா சொன்னா அதுல என்ன இருக்கு. ஆளு கெட்டிக்காரரா இருக்கணும், அளந்து பாக்கணும், எதிர்தரப்பு வாதத்தையும் குறிப்பிடணும், ஒவ்வொரு படியும் சரியா வைக்கணும், வச்சு வச்சு கடைசில போய் சாக்கடையில விழணும். படிக்கிறவனுக்கு "நானா இருந்தாலும் இப்படித்தான் யோசிச்சிருப்பேன்"னு தோணணும்.

செருப்ப எடுத்துக்கோங்க. பேராசிரியர் ஆயிரக்கணக்குல அளக்குறாரு. ரெண்டு வகை இருக்கு, ஒண்ணு இன்னொண்ணோட கண்ணாடி பிம்பம், ஒண்ணு மேல ஒண்ணு வச்சா பொருந்தாது. எண்ணிக்கை கிட்டத்தட்ட சரிபாதி. அப்போ இடதுகால் இனம் வலதுகால் இனம்னு ரெண்டு இனம் இருந்திருக்கு, ரெண்டும் சம எண்ணிக்கையில, எப்பவும் பக்கத்து பக்கத்துலயே வாழ்ந்திருக்கு, வீட்டு வாசல்ல ஜோடி ஜோடியா செத்திருக்கு. புள்ளிவிவரம் பக்கா. முடிவுதான் நாசம்.

நம்ம ஆளுங்களே இத நிஜமா பண்ணிருக்காங்க, அதையும் பாருங்க. 1860-கள் கடைசில எட்வர்ட் ட்ரிங்கர் கோப்னு அமெரிக்க ஆராய்ச்சியாளர், பெரிய மேதை, எலாஸ்மோசாரஸ்னு ஒரு கடல் பிராணியோட எலும்ப கோத்து படம் போட்டாரு, தலைய கொண்டுபோய் வால் நுனியில வச்சுட்டாரு. காரணம் கேட்டா நியாயமா இருக்கும், கழுத்து அவ்வளவு நீளமா இருக்கும்னு யாரு நினைப்பா? அவ்வளவு நீளமா இருந்தா அது வாலாத்தான் இருக்கணும். தப்புன்னு தெரிஞ்சதும் அச்சடிச்ச பிரதிய எல்லாம் தேடித்தேடி திரும்ப வாங்கப் பாத்தாராம் மனுஷன்.

அப்புறம் ரோமானிய பன்னிரண்டு முகப் பொருள் ஒண்ணு இருக்கு, தேடிப் பாருங்க. வெண்கலத்துல, உள்ள காலியா, ஒவ்வொரு முகத்துலயும் வேற வேற சைஸ்ல வட்ட ஓட்டை, மூலைக்கு மூலை குமிழ். நூத்துக்கு மேல தோண்டி எடுத்துருக்காங்க. அந்தக் காலத்து எழுத்து ஒண்ணுலகூட அதப்பத்தி ஒரு வரி இல்ல. மெழுகுவத்தி ஸ்டாண்டு, தூரம் அளக்கிற கருவி, கையுறை பின்ற சட்டம்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எதுவும் ஒத்து வரலன்னா இருக்கவே இருக்கு "சடங்குப் பொருள்". தொல்லியல்ல சடங்குப் பொருள்னு எழுதுனா "எங்களுக்கும் தெரியல"ன்னு அர்த்தம்னு அவங்களுக்குள்ளயே ஜோக் உண்டு.

---

கணக்குப்புலி

எனக்கு ஒரு டவுட்டு, சண்டைக்கு வரேன்னு நினைக்காதீங்க. நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் வர்ற அளவுக்கு அறிவு இருக்கிறவனுக்கு ஒரு ஜோடி செருப்பு என்னன்னு தெரியாதா? லாஜிக்கே இடிக்குதே. இந்த மாதிரி கதை எல்லாத்துலயும் எனக்கு இதே பிரச்சனை. கப்பல் கட்டத் தெரியும், பல்லு வெளக்குற பிரஷ் தெரியாது.

---

மூணாவதுபெஞ்ச்

கப்பல் கட்டுனவன் வேற, செருப்ப பாத்து கட்டுரை எழுதுறவன் வேற தல. என் லேப்டாப் எப்படி ஓடுதுன்னு எனக்குத் தெரியுமா?

---

ரேடியோகாது

கணக்குப்புலி, அறிவு இருந்தா தப்பு வராதுன்னு யாரு சொன்னா. ஆஸ்திரேலியாவுல பார்க்ஸ்னு ஒரு ரேடியோ தொலைநோக்கி இருக்கு, 64 மீட்டர் குறுக்களவு, உலகத்துல பெரிய பெரிய ஆளுங்க வேலை பாக்குற இடம். 1998-ல இருந்து அப்பப்போ ஒரு விசித்திரமான சிக்னல் வருது. பெரிட்டான்னு பேரெல்லாம் வச்சாங்க. பக்கத்துல எங்கிருந்தோதான் வருதுன்னு சந்தேகம் இருந்துச்சு, ஆனா எங்கிருந்துன்னு பிடிபடல. வருஷக்கணக்கா மண்டைய ஒடச்சு 2015-லதான் கண்டுபிடிச்சாங்க. மைக்ரோவேவ் அடுப்பு. டைமர் முடியுறதுக்கு முன்னாடியே பொறுமை இல்லாம எவனோ கதவைத் திறந்திருக்கான், அந்த ஒரு நொடியில வெளிய வந்த அலைதான் அது. யோசிச்சுப் பாத்தா சிக்னல் பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்தை ஒட்டித்தான் வந்திருக்கு.

இன்னொருத்தர் பெர்சிவல் லோவெல், அமெரிக்க வானியல்காரர். இத்தாலிக்காரர் ஸ்கியாபரெல்லி 1877-ல செவ்வாய்ல கோடு கோடா தெரியுதுன்னு "கனாலி"ன்னு எழுதினாரு, இத்தாலில அதுக்கு வாய்க்கால், பள்ளம்னு எல்லாம் அர்த்தம் உண்டு, தானா உண்டானதா இருக்கலாம். இங்கிலீஷ்ல போகும்போது வெட்டுன கால்வாய்னு ஆயிடுச்சு. வெட்டுனதுன்னா வெட்டுனவன் யாருன்னு கேள்வி வருமில்ல. லோவெல் சொந்தக் காசுல ஒரு வானாய்வகமே கட்டி, செவ்வாய்க்காரங்க துருவத்து பனிய உருக்கி தண்ணி கொண்டு போறாங்கன்னு புத்தகம் புத்தகமா எழுதித் தள்ளுனாரு. ஆளு லேசுப்பட்டவர் இல்ல, நல்ல கணக்கு தெரிஞ்சவர்.

அதவிட ருசியான விஷயம், இதே லோவெல் வெள்ளி கிரகத்தப் பாத்து நடுவுல இருந்து சக்கரத்து ஆரம் மாதிரி கோடு போகுதுன்னு வரைஞ்சு வச்சிருக்காரு. வெள்ளியில மேல இருந்து பாத்தா வெறும் மேகம்தான், கோடும் கிடையாது ஒண்ணும் கிடையாது. ரொம்ப காலம் கழிச்சு அந்தப் படத்த ஆராய்ஞ்சவங்க சொன்னது, அவரு தொலைநோக்கி வாய ரொம்ப குறுக்கி வச்சுப் பாத்ததால கண் டாக்டர் லைட் அடிச்சுப் பாக்குற மாதிரி ஆகி, தன் கண்ணுக்குள்ள இருக்கிற ரத்தக்குழாயோட நிழலையே பாத்து வரைஞ்சிருக்கலாம்னு. அந்தப் படத்தையும் விழித்திரை படத்தையும் பக்கத்துல வச்சுப் பாத்தா ஒரு மாதிரி ஆயிடும்.

---

கணக்குப்புலி

மைக்ரோவேவ் மேட்டர் இப்பதான் தேடிப் பாத்தேன். சரி, வாபஸ்.

---

நிலாப்பைத்தியம்

லேட்டா வரேன், மன்னிக்கணும், ஆனா இந்தத் திரிய பாத்ததும் தூக்கம் போச்சு. கொஞ்சம் பெருசா வரும்.

அரைத்தூக்கம், நீங்க பேராசிரியர தப்பான இடத்துல எறக்கிட்டீங்க. பூமில பல லட்சம் வருஷம் கழிச்சு என்ன மிஞ்சும்? துணி, பேப்பர், மரம், இரும்பு எல்லாம் மண்ணாப் போயிரும். அப்படியே இருக்கப்போறது நிலாவுலதான், காத்து இல்ல, மழை இல்ல, கரையான் இல்ல. அங்க நாம விட்டுட்டு வந்த சாமான் லிஸ்ட எடுத்துப் பாருங்க, கதை நீங்க எழுதவே வேணாம், அதுவே எழுதிக்கும்.

முதல்ல ஆளு எவ்வளவு உயரம்னு கண்டுபிடிக்கணும். எலும்பு கிடையாது, ஒரு பிணம் கூட இல்ல. ஆனா ஒரு சிலை இருக்கு. 1971-ல அப்போலோ 15-ல போனவங்க ஒரு சின்ன அலுமினிய பொம்மைய மண்ணுல படுக்க வச்சுட்டு வந்தாங்க, விண்வெளி முயற்சியில செத்துப்போன அமெரிக்க சோவியத் வீரர்களுக்கு நினைவா. உயரம் எட்டரை சென்டிமீட்டர். பக்கத்துல ஒரு தகடு, அதுல 14 பேர். பேராசிரியருக்கு இதுதான் முதல் ஆதாரம். படுத்த நிலையில, தலைமாட்டுல கல்வெட்டோட. இது சிலையா என்ன, சமாதிங்க! உள்ள கெடக்குறதுதான் மனுஷன். மனுஷன் அலுமினியத்தால ஆனவன், எட்டரை சென்டிமீட்டர்.

எதிர்தரப்பு வாதம், சுத்தி இருக்கிற காலடித்தடம் ஒரு அடி நீளத்துக்கு மேல இருக்கே? அதுக்கும் பதில் வச்சிருக்காரு. அது கால் இல்ல, வாகனம். எட்டரை சென்டிமீட்டர் ஆளு பூட்ஸுக்குள்ள உக்காந்து ஓட்டிருக்கான். ரெண்டு பூட்ஸ் எப்பவும் ஜோடியா போயிருக்கு, பாதுகாப்புக்கு.

ரெண்டாவது ஆதாரம் சும்மா பட்டாசு. 2011-ல கிளம்பி 2016-ல வியாழனுக்குப் போய் சேந்த ஜூனோ விண்கலத்துல மூணு லெகோ பொம்மை இருக்கு, இதுவும் அலுமினியம்தான், வழக்கமான லெகோ ஆளு சைஸ், நாலு சென்டிமீட்டர் சொச்சம். ஒண்ணு கலிலியோ, கையில தொலைநோக்கி. ஒண்ணு ரோமானிய தெய்வம் ஜூப்பிட்டர், கையில மின்னல். ஒண்ணு அவரு பொண்டாட்டி ஜூனோ, கையில பூதக்கண்ணாடி. மூணுக்கும் கை கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கும், விரலே கிடையாது. ரெண்டு இடம், ரெண்டு தனித்தனி ஆதாரம், ரெண்டும் அலுமினியம், ரெண்டும் உள்ளங்கை உயரம். எந்த ஆராய்ச்சி மன்றமா இருந்தாலும் இதுக்கு மேல என்ன கேக்கும்? உயர வித்தியாசத்துக்கு, நாலு சென்டிமீட்டர்ல இருக்கிறது குழந்தைங்க. குழந்தைங்கள வியாழனுக்கு அனுப்பிருக்காங்க.

மூணாவது, 1972 ஏப்ரல்ல அப்போலோ 16-ல போன சார்லஸ் டியூக் தன் குடும்பப் படத்த பிளாஸ்டிக் கவர்ல போட்டு நிலாவுல வச்சுட்டு வந்தாரு. அவரு, மனைவி, ரெண்டு பசங்க. நிஜத்துல அந்த வெயிலுக்கு இந்நேரம் வெளுத்து சுருண்டு போயிருக்கும், உங்க கதையில தப்பிச்சிருச்சுன்னு வச்சுக்கோங்க. அந்தப் படத்துல ஆளுங்க உயரத்த அளந்தா எவ்வளவு வரும்? சில சென்டிமீட்டர். ஒத்துப்போச்சா!

இப்ப முட்டைக்கு வாங்க. 1971 பிப்ரவரி, அப்போலோ 14, ஆலன் ஷெப்பர்டு நிலாவுல ரெண்டு கோல்ஃப் பந்த அடிச்சாரு. மட்டைத் தலைய திருப்பி எடுத்துட்டு வந்துட்டாரு, பந்து அங்கயே. "மைல் கணக்குல போகுது"ன்னு அன்னைக்கு விளையாட்டா சொன்னாரு, 2021-ல பழைய படங்கள வச்சு அளந்து பாத்தா ஒண்ணு 24 கெஜம், இன்னொண்ணு 40 கெஜம்தான். பேராசிரியர் பாக்குறது என்ன? வெள்ளையா, உருண்டையா, மேல பூரா குழி குழியா, ரெண்டு பொருள். முட்டை. கூடு இல்ல, அடைகாத்த அடையாளம் இல்ல, ஒண்ணுக்கொண்ணு தள்ளித்தள்ளி கெடக்கு. அளவு நாலே கால் சென்டிமீட்டர். தாயோட உயரம் எட்டரை. அதாவது தன் உயரத்துல சரிபாதி சைஸ்ல முட்டை போட்டிருக்கு! இந்த இனம் ஏன் அழிஞ்சுதுன்னு இதுக்கு மேல யாருக்காவது விளக்கணுமா.

பொருளாதாரம். நிலாவுல இருந்து ஆறு தடவையும் சேத்து 382 கிலோ கல்லும் மண்ணும் அள்ளிட்டு வந்திருக்கோம். பதிலுக்கு வச்சுட்டு வந்ததுல வீரர்களோட மலம், சிறுநீர், வாந்தி அடைச்ச பை மட்டும் 96-ன்னு ஒரு கணக்கு சொல்றாங்க. ரொம்ப நேர்த்தியா சீல் பண்ணின பைங்க. பேராசிரியர் எழுதுறாரு, "இது நாணயமான பண்டமாற்று. கல்லை எடுத்தவர்கள் தங்களிடம் இருந்ததிலேயே உயர்ந்ததை விலையாக வைத்திருக்கிறார்கள். பொட்டலம் கட்டியிருக்கும் பக்குவமே அதற்குச் சாட்சி. இப்படிப்பட்ட நேர்மையான வணிகர்களை அண்டத்தில் வேறெங்கும் நான் கண்டதில்லை."

கொடிக்கம்பம் ஆறு. நிலாவுல காத்து இல்லாததால துணி தொங்கிடக்கூடாதுன்னு மேல குறுக்கு கம்பி வச்சிருந்தாங்க. கலர் எல்லாம் வெயில்ல போய் வெள்ளையா ஆயிருக்கும்னுதான் விஷயம் தெரிஞ்சவங்க நினைக்கிறாங்க. வெள்ளைத் துணி, குறுக்கு கம்பி. தோய்ச்சு காயப்போட்டிருக்காங்க. இவ்வளவு தூரம் வந்தும் துணி தோய்க்க மறக்காத இனம்.

கடைசியா எண் ஆராய்ச்சி. அந்த தகடுல 14 பேரு. பயனியர் விண்கலத்துல ஏலியனுக்குன்னு வச்ச தகடுலயும் வாயேஜர் தங்கத்தட்டு மூடியிலயும் சூரியன் எங்க இருக்குன்னு காட்ட நட்சத்திரக் கோடு போட்டிருப்பாங்க, அதுல எத்தனை பல்சர், அதாவது சீரா துடிக்கிற நட்சத்திரம், தெரியுமா? 14. நான் இத இட்டுக்கட்டல, சரிபாத்துக்கோங்க. தற்செயல்தான், ஆனா பேராசிரியருக்குத் தற்செயல்னு ஒண்ணு கிடையாது.

---

வெட்டிஆபீசர்

பூட்ஸ் வாகனம்னதும் படிக்கிறத நிறுத்திட்டு பத்து நிமிஷம் சிரிச்சேன். சிரிச்சே செத்துட்டேன்.

---

சொல்லாராய்ச்சி

வெட்டிஆபீசர் போட்ட இந்த ஒரு வரியே தனி அத்தியாயம்ங்க. பொருள விடுங்க, நம்ம எழுதுறத படிச்சா என்ன ஆகும்? மொழியியல் பேராசிரியர் ஒருத்தர் இந்தத் திரிய அகழ்ந்து எடுக்குறாருன்னு வைங்க. "சிரிச்சே செத்துட்டேன்"னு ஒருத்தர் எழுதுறாரு. நாலு நிமிஷம் கழிச்சு அதே ஆளு வேற எடத்துல நல்லா பேசிட்டு இருக்காரு. கோடிக்கணக்கான பதிவுல இதே மாதிரி. முடிவு: சிரிப்பு உயிர்க்கொல்லி நோய், மரணம் சராசரியா நாலு நிமிஷம் நீடிக்கும், அதுக்கப்புறம் சரியாயிடும். 2015-ல ஆக்ஸ்ஃபோர்ட் அகராதிக்காரங்க அந்த வருஷத்துச் சொல்லா எத அறிவிச்சாங்க, கண்ணுல தண்ணி வர சிரிக்கிற மூஞ்சி எமோஜிய. எழுத்தே இல்லாத ஒண்ணு வருஷத்துச் சொல். பேராசிரியர் அத நோயோட கடைசி கட்ட அறிகுறின்னு பதிவு பண்ணுவாரு.

தமிழ் மட்டும் கைக்கு சிக்கினா ஆளு காலி. நம்ம உடற்கூறியல் அவருக்கு எப்படி இருக்கும்னு பாருங்க. மண்டை காயும். வயிறு எரியும், அதுவும் பக்கத்து வீட்டுக்காரனுக்கு நல்லது நடந்தா மட்டும். நாக்குல நரம்பு கிடையாது சிலருக்கு. காதுல பூ சுத்துவாங்க, ஏமாத்துறதுக்குன்னே. உசுர வாங்குவாங்க, ஆனா வாங்குன உசுர என்ன பண்ணாங்கன்னு எங்கயும் குறிப்பு இல்ல. எட்டரை சென்டிமீட்டர் அலுமினிய உடம்புல வயிறு எரிஞ்சா எப்படி இருக்கும்னு நிலாப்பைத்தியம்தான் சொல்லணும்.

வெளிய கிளம்புறவன் "போயிட்டு வரேன்"னு சொல்றான். பாடையில தூக்கிட்டுப் போற வரைக்கும் யாரும் "போறேன்"னு சொன்னதா ஒரு ஆதாரமும் கிடைக்கல. ஆகவே இந்த இனத்துக்கு போகவே தெரியாது.

---

குட்டித்தேள்

நான் இதுவரைக்கும் படிச்சுட்டு மட்டும் இருந்தேன், ஒண்ணே ஒண்ணு. சிலைங்க. ஊர் ஊரா நடுத்தெருவுல உயரமா மேடை கட்டி மேல ஒரு ஆள நிக்க வச்சிருக்கோம். எந்த சிலைய எடுத்து சோதனை பண்ணாலும் தலையிலயும் தோள்லயும் புறா எச்சம்தான் இருக்கும். எல்லா கண்டத்துலயும். சிலையா நிக்கிறவங்க வேற வேற, உடுப்பு வேற, எழுத்து வேற, பொதுவா இருக்கிறது எச்சம் மட்டும்தான். அப்போ ஆண்டவன் புறா, இவங்க எல்லாம் புறாவுக்கு உக்கார எடம். குதிரை மேல வச்சது புறா வசதியா வழி பாக்க.

அப்புறம் பாஸ்போர்ட் ஃபோட்டோ. வீட்டு ஆல்பத்துல எல்லாம் பல்ல காட்டிட்டு இருப்பாங்க, அரசாங்க சீல் இருக்கிற படத்துல மட்டும் ஒருத்தர் கூட சிரிக்க மாட்டாங்க. சிரிப்பு உயிர்க்கொல்லி நோய்னு மேல சொல்லாராய்ச்சி அக்கா சொன்னாங்கல்ல, நோய் இல்லன்னு நிரூபிச்சாதான் எல்லை தாண்ட விட்டிருக்காங்க.

---

கணக்குப்புலி

குட்டித்தேள் சொன்னத படிச்சதும் எனக்கே ஆசை வந்துருச்சு. வாயேஜர் வேணாம்னு சொன்னாரு, ஆனாலும் ஒண்ணு. அந்தத் தட்டுல ஒரு படம் இருக்கு, மனுஷன் வாய் எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுறதுக்காகவே எடுத்தது. மூணு பேரு. ஒருத்தங்க ஐஸ்கிரீம் நக்குறாங்க, ஒருத்தர் ரொட்டிய கடிக்கிறாரு, இன்னொருத்தர் தலைய அண்ணாந்து மேல இருந்து தண்ணிய வாய்க்குள்ள ஊத்திக்கிறாரு. தெளிவா இருக்கட்டும்னு எடுத்தாங்க பாவம். ஏலியன் பாத்தா நக்கும் வகை, கடிக்கும் வகை, ஊற்றும் வகைன்னு மூணு பாலினம்னு எழுதிட்டுப் போவான்.

பயனியர் தகடுல ஆணும் பெண்ணும் கை கோத்து நிக்கிற மாதிரிதான் முதல்ல யோசிச்சாங்களாம், ரெண்டு பேரையும் சேத்து ஒரே பிராணின்னு நினைச்சுட்டா என்ன பண்றதுன்னு பிரிச்சு வரைஞ்சாங்க. அதே தகடுல விண்கலம் எந்தப் பக்கம் போச்சுன்னு காட்ட ஒரு அம்புக்குறி. 1972-லயே எர்ன்ஸ்ட் கோம்ப்ரிச்னு கலை வரலாற்று ஆள் கேட்டாரு, வில்லும் அம்பும் பாக்காத ஒரு இனத்துக்கு அம்புக்குறி எப்படிய்யா புரியும்னு. ஒருத்தரும் யோசிக்கல. வந்த புதுசுல லாஜிக் இடிக்குதுன்னு பேசுனவன் நான்தான், தெரியும், விடுங்க.

---

அரைத்தூக்கம்

அடேங்கப்பா. ஒரு நாள் வெளிய போயிட்டு வரதுக்குள்ள இவ்வளவா. மூணாவதுபெஞ்ச் சொன்னத வச்சு பாத்தா நான் எழுதுன ஆறு பக்கத்துல ஒரு இடத்துல கூட பேராசிரியர் ஒரு பொருளையாவது அளக்கல, பாத்ததும் சாமின்னு சொல்லிடறாரு. தூக்கிப் போட்டுட்டேன். நிலாவுலயே எறக்கப் போறேன், பூட்ஸ் வாகனம் நிலாப்பைத்தியம் அனுமதி குடுத்தா எடுத்துக்கறேன். ஒரே சிக்கல், முடிவு கிடைக்கல. முட்டை, பண்டமாற்று, துணி எல்லாம் வரிசையா வந்து அப்படியே நின்னுடுது. கண்டுபிடிச்சதெல்லாம் கண்டுபிடிச்சாச்சு, அப்புறம்?

---

நிலாப்பைத்தியம்

எடுத்துக்கோங்க, காப்பிரைட் எல்லாம் இல்ல. முடிவுக்கு ஒண்ணு இருக்கு, ராத்திரி ரேடியோகாது எழுதுன லோவெல் கதைய மறுபடி படிச்சப்போ தோணுச்சு.

அப்போலோ 11, 14, 15 மூணுலயும் எதிரொளிப்பான் பலகை வச்சுட்டு வந்தாங்க. பூமில இருந்து லேசர் அடிச்சா திருப்பி அனுப்பும், போய் வர ரெண்டரை நொடி, அத வச்சுத்தான் நிலா வருஷத்துக்கு 3.8 சென்டிமீட்டர் நம்மள விட்டு விலகிப் போகுதுன்னு அளந்திருக்காங்க. அப்போலோ 11 பலகையில மொத்தம் 100 கண்ணாடிக் கட்டி, பத்துக்குப் பத்து வரிசையா. ஒவ்வொண்ணும் கனசதுரத்தோட மூலைய வெட்டி எடுத்த மாதிரி, மூணு முகம் செங்குத்தா சேந்திருக்கும். அதோட குணம் என்னன்னா வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வந்தாலும் வந்த வழியே திருப்பி அனுப்பும். சாதா கண்ணாடின்னா நேரா நின்னாதான் உங்க மூஞ்சி தெரியும். இதுல நீங்க எங்க நின்னு பாத்தாலும், சாஞ்சு பாத்தாலும், நடந்துக்கிட்டே பாத்தாலும் நடுவுல தெரியுறது உங்க கண்ணுதான். சின்ன சைஸ் ஒண்ண நானே கையில வச்சு திருப்பித் திருப்பிப் பாத்திருக்கேன், தப்பிக்கவே முடியாது, எப்படி சாச்சாலும் என் கண்ணு என்னையே பாக்குது.

பேராசிரியருக்கு எல்லாம் கிடைச்சாச்சு, மனுஷனோட முகத்த கிட்டத்துல பாக்குறது மட்டும்தான் பாக்கி. நிலா பொம்மைக்கு முகம் இல்ல, ஹெல்மெட் மாதிரி ஒண்ணு, குடும்பப் படத்துல முகம் ரொம்ப பொடிசு. தூசிய துடைச்சுட்டு இந்தப் பலகைக்கு முன்னாடி வந்து நிக்கிறாரு. 100 ஓவியம். ஒவ்வொண்ணுலயும் ஒரே ஒரு கண்ணு. அவரு நகந்தா அதுவும் பாக்குது. உடனே உக்காந்து அளந்து வரையுறாரு, எத்தனை இமை, என்ன நிறம், பாவை எந்த வடிவம்னு. கட்டுரையிலயே தப்பில்லாத ஒரே படம் அதுதான், ரொம்ப துல்லியமா இருக்கு.

---

ரேடியோகாது

அவருக்கு எத்தனை கண்ணுன்னு கதையில அதுவரைக்கும் சொல்லாம வைங்க.

---

அரைத்தூக்கம்

ஐயோ. ஆமா. சொல்லாம வைக்கிறேன், படத்துக்கு கீழ விளக்கத்துல மட்டும் வர்ற மாதிரி. இன்னைக்கு ராத்திரி தூங்குனாப்லதான். எல்லாருக்கும் நன்றி, எழுதி முடிச்சதும் இங்கயே போடறேன்.

---

வெட்டிஆபீசர்

எல்லாம் சரி. கேபிள் டப்பா உள்ள இருக்கா இல்லையா, அத முதல்ல சொல்லு.

---

அரைத்தூக்கம்

நிலாவுக்கு யாரும் கேபிள் டப்பா கொண்டு போகலயே பாஸ்.

---

வெட்டிஆபீசர்

அவங்க வீட்ல விட்டுட்டுப் போயிருப்பாங்க. போய் தேடச் சொல்லு.